கடலுக்குப் போய் வந்த டீச்சருக்கு

வந்த கடிதம், சுருக்கமாக. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"எனக்கு வயது 44. வீடு குடியாத்தம். காட்பாடி பக்கம் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். கணவர் லுங்கி மொத்த வியாபாரம். மகள் பத்தாவது போகிறாள், மகன் எட்டாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார். மே கடைசியில் தங்கை குடும்பத்தோடு தரங்கம்பாடி போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தோம். காலேஜ் நாட்களுக்குப் பிறகு நான் இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை. ஆனால் போன வருடம் கொடைக்கானல் போய் வந்தபோதும் இப்படித்தான் இருந்தது. பள்ளி திறந்த இரண்டாவது வாரமே எல்லாம் போய்விட்டது. ஆடி பிறப்பதற்குள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டேன். இந்த வருடம் முதல் நாளிலிருந்தே காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்கிறார் ஹெச்.எம். அட்மிஷன் வேலையும் என் தலையில். எட்டு மணிக்குப் பள்ளியில் நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழ வேண்டும். ஐந்து பேருக்குச் சமையல், பிறகு கே.வி.குப்பம், லத்தேரி வழியாகப் பஸ். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 'ஒன்றரை மாசம் லீவு விட்டும் பத்தாம, கடலுக்கு வேற போகணுமா?' என்றார் மாமியார். செலவு பதினெட்டாயிரம். தேவைதானா என்று எனக்கே தோன்றுகிறது. கடைசி நாள் ராத்திரி, திரும்பிப் போக வேண்டுமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இது மனநோயா? ஒவ்வொரு ஜூனிலும் தொண்டை வேறு கட்டிக்கொள்கிறது. ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து பர்மாங்கனேட் கடைசிச் சொட்டு விழுந்து நிறம் நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடும். இந்தச் சார்ஜ் இறங்காமல் வைத்துக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? பி.கு.: ஒரு பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை ட்யூஷன் கேட்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?"

அன்புள்ள டீச்சர்,

இறங்கத்தான் செய்யும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பேசுவது எளிது. லீவில் கிடைத்த தெம்பை அப்படியே டிசம்பர் வரை கொண்டுபோக ஒரு உபாயம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு, அதுவும் ஆசிரியர்களை வைத்தே. யானா கூனல், சபீனா சொன்னென்டாக் என்ற இரண்டு ஜெர்மன் உளவியலாளர்கள் 131 ஆசிரியர்களை விடுமுறைக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். லீவு முடிந்து வந்தபோது சராசரியாகக் களைப்பு குறைந்திருந்தது, வேலையில் ஈடுபாடு கூடியிருந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த நல்ல மாற்றம் கரைந்துவிட்டது. திரும்பியவுடன் வேலைப் பளு அதிகமாக விழுந்தவர்களுக்குச் சீக்கிரம் கரைந்தது. பள்ளி விட்ட பிறகான மாலை நேரங்களில் ஆற அமர இருக்க முடிந்தவர்களுக்கு மெதுவாகக் கரைந்தது. போன வருடம் உங்களுக்கு இரண்டாவது வாரமே போனதற்குக் காரணம் உங்களிடம் உள்ள ஏதோ குறை என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நான்கு நாள் போதாது, இன்னும் கூட இருந்திருக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் அவர் சகாக்களும் நீண்ட விடுமுறை எடுத்தவர்களைப் பின்தொடர்ந்து 2013-இல் எழுதியதைப் பார்த்தால், எட்டாம் நாள் வாக்கில் மனநிலை உச்சத்துக்குப் போயிருக்கிறது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் போனவர்களுக்கே அதுதான் கதி. ஆகவே பதினெட்டாயிரம் வீண் என்ற கணக்கும் தப்பு, முப்பதாயிரம் செலவழித்திருந்தால் நிலைத்திருக்கும் என்ற கணக்கும் தப்பு. செலவைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை. போனீர்கள், நன்றாக இருந்தது.

என் யோசனை உங்கள் கேள்விக்கு நேர் எதிரானது. இந்தத் தெம்பைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், செலவழியுங்கள். ஆனால் எதில் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருடம் அதை நீங்கள் அட்மிஷன் பாரத்திலும், புது டைம் டேபிளிலும், 'சரி சார், நான் பார்த்துக்கிறேன்' என்பதிலும் செலவழித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தெம்பாக இருக்கும் மனிதரிடம்தான் எல்லோரும் வேலையைக் கொண்டுவந்து வைப்பார்கள். கடலுக்குப் போய் முகம் தெளிந்து வந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில் நுழையும்போது, அந்தத் தெளிவு எல்லோர் கண்ணிலும் படும். இந்த வருடம் அதை இரண்டு மூன்று சங்கடமான பேச்சுக்களைப் பேசி முடிக்கச் செலவழியுங்கள். களைத்துப்போன பிறகு அந்தப் பேச்சு வராது, கோபம்தான் வரும். ஆடியில் எரிந்து விழுந்தீர்களே, அதெல்லாம் ஜூனில் பேசாமல் விட்ட பேச்சுக்கள்.

யாரிடம் என்ன பேசுவது என்பதற்கு முன்னால், தரங்கம்பாடியில் உங்களை லேசாக்கியது எது என்று பார்க்கலாம். வடாற்காட்டுக்காரர்களான நமக்குக் கடல் என்றாலே ஒரு மயக்கம் உண்டு. தென்னாற்காட்டுக்குக் கடலூர் இருந்தது, நமக்குப் பாலாறு, அதிலும் பெரும்பாலும் மணல். அந்தப் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலைத் தொடுவதைக் காட்டிலும் அதிக சிரமப்பட்டுத்தான் நாம் கடலைப் போய்ப் பார்க்கிறோம். அதனால் அலையும் காற்றும்தான் செய்த வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் சொன்னென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் வகுத்த ஓர் அளவுகோல் இன்றும் இந்தத் துறையில் புழங்குகிறது. வேலைக் களைப்பு தீர நான்கு விஷயம் உதவுகிறது என்கிறது அது: வேலையின் நினைப்பே வராமல் இருப்பது, உடம்பு தளர்ந்திருப்பது, புதிதாக ஒன்றைச் செய்து பழகுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது.

இதை உங்கள் கடிதத்தோடு வைத்துப் பாருங்கள். முழுக் கடிதத்தில், நான் சுருக்கியதில் வெட்டிய ஒரு பகுதியில், என்ன எழுதியிருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? காலை எட்டரை வரை யாரும் எழுப்பவில்லை. இட்லியும் மீன் குழம்பும் யாரோ செய்து வைத்திருந்தார்கள். தங்கையோடு டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டைச் சுவரோரம் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பழைய கதை பேசினீர்கள். முதல் முறையாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினீர்கள். போன் அறையிலேயே கிடந்தது. மூன்று பக்கத்தில் கடலைப் பற்றி இரண்டு வரி, இட்லியைப் பற்றி ஐந்து வரி! கடல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் உங்களைப் பாதி குணப்படுத்தியது அந்தச் சமையற்காரர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் கடிதத்தில் வகுப்பறையைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. அடுப்படி, பஸ், அட்மிஷன், இரவு பத்து மணிக்கு வரும் பள்ளி வாட்ஸப், மாமியார், ஹெச்.எம். என்று எல்லோர் மேலும் வருத்தம் இருக்கிறது. பாடம் நடத்துவதைப் பற்றி வந்த ஒரே வரி அந்தப் பர்மாங்கனேட் வரி. எரிந்து கருகிப்போன ஆசிரியர்கள் இப்படி எழுத மாட்டார்கள். 'இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று எழுதுவார்கள். மாணவர்கள் மேல் ஒரு விலகல், செய்வதெல்லாம் வீண் என்ற எண்ணம், வடிந்துபோன உணர்வு, இந்த மூன்றையும்தான் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் வேலைக் கருகலின் (பர்ன்-அவுட்) அடையாளமாகச் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் அதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்றே தன் வகைப்பாட்டில் சேர்த்தது. உங்களுக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கிறது. பாடம் நடத்துவது உங்களைக் களைக்க வைக்கவில்லை, அதைச் சுற்றி அடுக்கி வைத்திருப்பதுதான் களைக்க வைக்கிறது. அதனால் குறைக்க வேண்டியது எது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை.

ஹெச்.எம். விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் அவசரம், ஏனென்றால் டைம் டேபிள் ஒட்டப்படும்வரைதான் பேச இடம் உண்டு. ஒட்டிய பிறகு நீங்கள் கேட்பது சலுகையாகிவிடும். பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் எப்படியும் உங்களைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கே பேசுங்கள், நின்றுகொண்டே பேசாமல் உட்கார்ந்து பேசுங்கள். 'முடியாது சார்' என்பது நம் பள்ளிகளில் எடுபடாது, உங்களுக்கும் வாயில் வராது. மறுப்பதற்குப் பதிலாக ஒரு திட்டத்தைக் கையில் கொண்டு போங்கள்:

"சார், ரிசல்ட் எனக்கும் முக்கியம். ஜூன்ல பாதிப் பிள்ளைங்களுக்குப் புஸ்தகமே அப்பதான் கைக்கு வரும். பிளஸ் ஒன் அடிப்படை நிக்காம எட்டு மணி கிளாஸ் வெச்சா தூங்கிடுவாங்க. ஜூன் முழுக்க என் பீரியட்லயே பழைய பாடத்தைச் சரிபண்ணிடறேன். ஜூலை முதல் தேதியிலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் காலையில நான் எடுக்கறேன். மீதி நாளை பிசிக்ஸும் மேத்ஸும் பிரிச்சுக்கட்டும். அட்மிஷன் டியூட்டி இருக்கற வாரத்துல மட்டும் சப்ஸ்டிடியூஷன் போடாதீங்க."

இதில் அவர் பாதிக்குத்தான் ஒத்துக்கொள்வார். பரவாயில்லை. ஒரு மாதத் தள்ளிவைப்பு கிடைத்தாலே பெரிய லாபம், ஏனென்றால் அந்த ஜெர்மன் ஆய்வு சொல்வதும் அதைத்தான்: திரும்பி வந்த முதல் வாரங்களில் விழும் பளுதான் தெம்பைத் தின்கிறது. போன வருட ரிசல்ட்டை அவர் எடுத்துப் போட்டால் தலையைக் குனியாதீர்கள். யார் எந்தப் பாடத்தில் விழுந்தார்கள், அவர்கள் பிளஸ் ஒன்னில் எப்படி இருந்தார்கள் என்று ஒரே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வேதியியல் டீச்சருக்கு அட்டவணை போடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த பேச்சு வீட்டில். கணவரிடம் 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர் இரண்டு நாள் வெங்காயம் உரிப்பார், அத்தோடு சரி. ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள். உதாரணமாக, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அடுப்படி அவருடையது. பாத்திரம், அடுப்பு துடைப்பது, மறுநாள் பால் எல்லாம். அவர் எப்படிச் செய்தாலும் நீங்கள் போய்ச் சரிபார்க்கக் கூடாது. முதல் வாரம் அந்தக் குக்கர் நிச்சயம் எண்ணெய்ப் பிசுக்கோடுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மகளுக்குப் பத்தாவது என்பதால் எந்த வேலையும் தரக் கூடாது என்று நம் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை, ஆனாலும் இப்போது அதில் சண்டை வேண்டாம். எட்டாவது படிக்கும் மகனால் ஐந்து பேருக்கும் தண்ணீர் பாட்டில் நிரப்ப முடியும், டிபன் பாக்ஸ் மூட முடியும். காலையில் மூன்று வகை வேண்டாம். சாம்பார் சாதம், பொரியல், தயிர் போதும். வாரத்தில் இரண்டு நாள் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம்தான் என்று திங்கட்கிழமையே அறிவித்துவிடுங்கள்.

மாமியாரின் 'ஒன்றரை மாசம் லீவு' கணக்கை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். மே தொடக்கத்தில் அட்மிஷன், அக்னி நட்சத்திர வெயிலில் வற்றல் வடகம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உங்கள் ஊரில் அந்த ஒரு வாரம் எந்த வீட்டில்தான் உறவுக்காரர்கள் இல்லை? வீடு நிறைய ஆட்கள், அடுப்படியில் நீங்கள். அதன் பிறகு மிஞ்சியது அந்த நான்கு நாள்தான். பள்ளிக்கு லீவு விட்டால் டீச்சருக்கும் லீவு என்று எண்ணுவது மாமியார் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் எண்ணுகிறது. ஆனால் இதையெல்லாம் அவரிடம் வாதமாக வைக்காதீர்கள். அவர் கேட்ட கேள்வியில் வேறொன்று இருக்கலாம் என்பது என் சந்தேகம். தரங்கம்பாடிக்கு அவரை அழைத்துக்கொண்டு போனதாக நீங்கள் எழுதவில்லை. அவர் கடலைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று ஒருநாள் கேளுங்கள். அரையாண்டு லீவில் ஒருநாள் மாமல்லபுரம் வரை அழைத்துப் போவது பெரிய காரியமில்லை. அதிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம்தான்.

இனி பள்ளி திறந்த பிறகு. மாலையிலும் இரவிலும் வேலையின் நினைப்பு அறுந்தால்தான் தெம்பு மெதுவாகக் கரையும். அதற்கு இரண்டு காரியம் மட்டும் சொல்கிறேன், பத்து சொன்னால் ஒன்றையும் செய்ய மாட்டீர்கள். ஒன்று, கிளம்பும் முன் ஸ்டாஃப் ரூமிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மீதி கிடக்கும் வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போது செய்யப்போகிறீர்கள் என்றும் குறியுங்கள். 'எமிஸ் (அரசின் ஆன்லைன் மாணவர் விவரப்) பதிவு, செவ்வாய் மூன்றாம் பீரியட்' என்பதுபோல. முடியாத வேலை மனதைத் துரத்திக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுவிட்டால், வேலை முடியாமலே அந்தத் துரத்தல் அடங்குகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் சோதனை செய்து காட்டினார்கள். வெள்ளிக்கிழமை இதைத் தவறவே விடாதீர்கள், இல்லையென்றால் சனி ஞாயிறு இரண்டும் போய்விடும்.

இரண்டாவது அந்த வாட்ஸப். இரவு ஏழரைக்கு ஒருமுறை பார்ப்பேன், அதன் பிறகு காலையில்தான் என்று ஹெச்.எம்.மிடமும் சக ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டுக் குழுவை மௌனத்தில் போடுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்வார்கள். இரவு பத்து மணிக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை 'நோட்டட் சார்' என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பஸ்ஸில் விடைத்தாள் திருத்தாதீர்கள். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரத்திலும் உங்களை யாரும் 'அம்மா' என்றோ 'மிஸ்' என்றோ கூப்பிட முடியாது. தரங்கம்பாடியில் உங்களுக்குப் பிடித்திருந்ததில் பாதி இதுதானே. காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு ரயிலும் இருக்கிறது. மாலையில் நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் எடுத்துப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை இரவு சரிசெய்ய முடியாது. எட்டரைக்கு எழுந்து பழகிய உடம்பைத் திங்கட்கிழமை நாலு மணிக்கு உலுக்கினால், முதல் வாரம் முழுக்கத் தலை கனக்கும். பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. 2023-இலும் 2024-இலும் வெயில் காரணமாகத் திறப்பைத் தள்ளிவைத்தார்கள். இந்த வருடமும் தள்ளிவைத்தால் அந்த நாட்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். தினம் இருபது நிமிடம் முன்னதாக எழுங்கள். விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நடந்தால், இரவில் தூக்கமும் தானாக முன்னதாக வரும். நம் பக்கத்துத் தளம் போட்ட வீடுகளில் ஜூன் ராத்திரி பதினொரு மணி வரை அறை அனலாகத்தான் இருக்கும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விட்டிருந்தால் திரும்பத் தொடங்குங்கள்.

தொண்டை. இதை நீங்கள் ஒரே வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய இருநூறு முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மே மாதம் முழுக்க வீட்டுப் பேச்சு, ஜூன் முதல் நாளிலிருந்து ஐந்து பீரியட், மேலே நான்கு மின்விசிறி, எதிரே அறுபது பிள்ளைகள். ஒரு மாதம் ஓடாத காலை வைத்துக்கொண்டு யாராவது முதல் நாளே ஐந்து மைல் ஓடுவார்களா? முதல் வாரம் பேச்சைக் குறையுங்கள். பிளஸ் ஒன் பாடத்தில் ஒரு சிறு தேர்வு, குழுவாக உட்கார்ந்து சமன்பாடு போடுவது, ஆய்வகத்தைச் சுத்தம் செய்து கருவிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது என்று பிள்ளைகள் வேலை செய்யும் வகுப்புகளாகப் போடுங்கள். காலையில் குளிக்கும்போது வாயை மூடி மெதுவாக ம்ம் என்று முனகி, குரலைக் கீழிருந்து மேலே ஐந்து நிமிடம் ஏற்றி இறக்குங்கள். தொண்டையைச் செருமாதீர்கள். கட்டிக்கொண்டால் கிசுகிசுத்துப் பேசுவதும் உதவாது, அதுவும் நாண்களை இறுக்கும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி மைக் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிள்ளைகள் இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களுக்கு நாண்களில் சிறு முடிச்சு விழுவது சாதாரணமாக நடப்பதுதான், பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன். ஏன் குடிக்க மாட்டீர்கள் என்று தெரியும். கழிவறை சரியில்லாத பள்ளியில் பெண் ஆசிரியர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதை வருடாவருடம் கேட்கிறேன். குரலுக்கும் கேடு, சிறுநீர்த் தொற்றுக்கும் அதுவே வழி. பெண் ஆசிரியர்களுக்கென்று ஒரு கழிவறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர். இதைத் தனியாகக் கேட்காமல் நான்கைந்து பேராகப் போய்க் கேளுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் பேச்சைவிட இது சுலபமாக முடியும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த அழுகை. நான்கு நாள் சந்தோஷமாக இருந்தவருக்கு, அது முடியும் இரவில் வந்த அழுகை மனநோய் இல்லை. எதை நினைத்ததும் வந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். வகுப்பா, நாலு மணி அலாரமா? எது முதலில் தோன்றுகிறதோ, மேலே சொன்ன பேச்சுக்களில் அதைச் சேர்ந்ததை முதலில் பேசுங்கள். கடலோரத்திலும் எதுவுமே பிடிக்காமல் இருந்திருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்த காரியங்களிலும் நாட்டம் போயிருந்தால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்திருந்தால், நான் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். இனி எப்போதாவது அப்படி ஆனால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது.

மனதை மட்டும் பார்த்துவிட்டு உடம்பை விட்டுவிடக் கூடாது. 44 வயதில், வருடாவருடம் ஜூலைக்குள் களைத்து விழும் ஒரு பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆலோசனை மட்டும் சொல்வது சரியில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பள்ளி திறப்பதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாதவிலக்கில் போக்கு அதிகமாக இருக்கிறதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் அது மாறத் தொடங்கும், தூக்கத்தையும் கெடுக்கும். இரும்புச் சத்துக் குறைவை எந்தக் கடற்கரையும் தீர்க்காது.

ட்யூஷன் வேண்டாம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தப் பெற்றோரிடம் அதையே சொல்லுங்கள். ஹெச்.எம்.மிடமும் வீட்டிலும் மறுப்பதற்கு நீங்கள் காரணம் தேடி, தாள் தயாரித்து, உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் காரணத்தை அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.